60 தாண்டினவங்களுக்கு வருமான வரி ரிட்டர்ன்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

மண்டபம், பாம்பன், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கம் சொந்தக்காரங்க தெரிஞ்சவங்கன்னு கொஞ்ச பேருக்கு நான்தான் வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறேன். நான் ஆடிட்டர் இல்ல. எங்க அப்பா ரயில்வேல ரிட்டயர் ஆனவரு, அவரு டெபாசிட் வட்டியில பேங்க்காரங்க வருஷா வருஷம் டிடிஎஸ் (வட்டி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டுற வரி) பிடிச்சிருக்காங்க, அவருக்கு வரியே கிடையாது, ஆனா அது திரும்பக் கிடைக்கும்னு வீட்ல யாருக்கும் தெரியல, தெரிஞ்சப்ப சில வருஷத்துக்கு கெடு போயிருச்சு. அந்த ஆத்திரத்துல கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

கீழ சொல்ற தொகை எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல்ல இருந்து 2026 மார்ச் வரைக்கும் வந்த வருமானத்துக்கு. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்துருச்சு, பிரிவு நம்பர் எல்லாம் மாறுது, ஆனா இந்த வருஷக் கணக்குக்கு 1961ம் வருஷத்து சட்டம்தான், அதனால பழைய நம்பரையே சொல்றேன்.

எனக்குத்தான் வரியே வரலையே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?

எல்லாரும் மொதல்ல கேக்குறது இதுதான். வரி கட்டறது வேற, ரிட்டர்ன் போடறது, அதாவது வருஷ வருமானக் கணக்கை வரித்துறைக்குக் காட்டறது, வேற. வரி இல்லாதவங்களுக்குத்தான் பல நேரம் ரிட்டர்ன் ரொம்ப அவசியம், ஏன்னா அவங்க காசு அரசாங்கத்துகிட்ட நிக்குது.

ஒரு கணக்கு பாருங்க. பென்ஷன் வருஷத்துக்கு 4,20,000. ரிட்டயர்மென்ட் பணத்துல 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்பு திட்டத்துல போட்டிருக்காரு, 8.2 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 1,23,000. வட்டி 1 லட்சத்தைத் தாண்டிருச்சு, அதனால 10 சதவீதம், 12,300 ரூபாய் டிடிஎஸ். இப்ப வரிக் கணக்கு போடுங்க: மொத்தம் 5,43,000, பென்ஷனுக்கு நிலையான கழிவு 75,000 போனா 4,68,000. புது முறையில (வரிக் கணக்குக்கு பழசு, புதுசுன்னு ரெண்டு முறை இருக்கு, கீழ சொல்றேன்) 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல, மிச்சம் 68,000க்கு 5 சதவீதம் 3,400 ரூபாய், அதையும் 87ஏ தள்ளுபடி (வருமானம் 12 லட்சம் வரைக்கும் உள்ளவங்களுக்கு வரியைக் கழிச்சு விடுறது) சுத்தமா எடுத்துரும். வரி பூஜ்யம். அந்த 12,300 முழுசும் அவரோடது, ஆனா ரிட்டர்ன் போட்டாத்தான் வரும், சும்மா இருந்தா யாரும் கூப்ட்டுக் குடுக்க மாட்டாங்க.

இது போக சட்டப்படியே போட வேண்டியவங்களும் இருக்காங்க. 80சி (சேமிப்பு, இன்சூரன்ஸுக்கு கட்டினதுக்குக் கிடைக்கிற கழிவு) மாதிரி கழிவு எல்லாம் கழிக்கறதுக்கு முன்னாடி உள்ள வருமானம், வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டினா போடணும். வரம்புக்குள்ளயே இருந்தாலும், மூத்த குடிமக்களுக்கு வருஷத்துல 50,000 ரூபாய்க்கு மேல டிடிஎஸ் பிடிச்சிருந்தாலோ, கரன்ட் பில் வருஷத்துக்கு 1 லட்சம் தாண்டினாலோ, சேமிப்புக் கணக்குல 50 லட்சத்துக்கு மேல போட்டிருந்தாலோ போட்டே ஆகணும். வீடு வித்த காசு, நிலம் வித்த காசு மொத்தமா கணக்குல விழுறப்ப இந்த 50 லட்சம் ரொம்ப சுலபமா தாண்டும், பாத்துக்கோங்க.

டிடிஎஸ் பிடிக்காமயே தடுக்க முடியாதா?

முடியும். வரி பூஜ்யம்னு கணக்கு வர்ற 60 வயசுக்காரங்க 15எச் படிவம் குடுக்கலாம், வருஷம் ஆரம்பிச்ச உடனே ஏப்ரல்லயே குடுக்கணும், ஒவ்வொரு வருஷமும் திரும்பக் குடுக்கணும், டெபாசிட் இருக்கற ஒவ்வொரு பேங்க்குக்கும் போஸ்ட் ஆபீஸுக்கும் தனித்தனியா குடுக்கணும். இனிமே படிவத்து நம்பர் மாறினாலும், "வட்டியில டிடிஎஸ் பிடிக்க வேணாம்னு வயசானவங்க எழுதிக் குடுக்குற ஃபாரம்"னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. குடுத்ததும் ஒரு ஜெராக்ஸ்ல சீல் வாங்கி வச்சுக்கோங்க. எங்க அப்பாவுக்கு ஒரு வருஷம் குடுத்த ஃபாரத்தையே காணோம்னாங்க, கையில அத்தாட்சி இல்லாம நாங்க பேச முடியல.

2025 ஏப்ரல்ல இருந்து பெரியவங்களுக்கு ஒரு பேங்க்ல வட்டி 1 லட்சம் தாண்டினாத்தான் டிடிஎஸ், அதுக்கு முன்னாடி இந்த அளவு 50,000ஆ இருந்துச்சு. அதனால சின்ன டெபாசிட்காரங்களுக்கு இந்த தொல்லை குறைஞ்சிருக்கு.

வயசை எப்படி கணக்கு பண்றாங்க? எங்க தாத்தாவுக்கு ஆதார்ல ஒரு தேதி, பான் கார்டுல ஒரு தேதி இருக்கே?

நிதியாண்டுல என்னைக்காவது ஒரு நாள் 60 முடிஞ்சா போதும், மூத்த குடிமகன். 80 முடிஞ்சா அதி மூத்த குடிமகன். ஏப்ரல் 1ம் தேதி பிறந்தவங்களுக்கு மார்ச் 31லயே வயசு முடிஞ்சதா எடுத்துக்கணும்னு வரித்துறையே 2016ல தெளிவா சொல்லிருச்சு. அதனால 2025-26 கணக்குக்கு 1966 ஏப்ரல் 1 வரைக்கும் பிறந்தவங்க எல்லாம் 60 கணக்கு, 1946 ஏப்ரல் 1 வரைக்கும் பிறந்தவங்க 80 கணக்கு.

தேதி மாறி இருக்கறது நம்ம பக்கம் ரொம்ப சகஜம். தனுஷ்கோடியில பிறந்து வளந்தவங்களுக்கு 1964 டிசம்பர் புயல்ல வீடே போச்சு, காகிதம் எங்க இருக்கும், பிறகு பள்ளிக்கூடத்துல வாத்தியார் குத்துமதிப்பா போட்ட தேதி ஒண்ணு, ரேஷன் கார்டுல வயசு மட்டும் ஒண்ணு, ஆதார் எடுக்கும்போது சொன்னது ஒண்ணுன்னு மூணு இருக்கும். ரிட்டர்னுக்கு பான் கார்டுல இருக்கற தேதிதான் கணக்கு. பானும் ஆதாரும் பேரு, தேதி ஒத்துப் போகலன்னா இணைப்பு நிக்காது, இணைக்காத பான் செயலிழந்து போகும், அப்புறம் டிடிஎஸ் 10க்கு பதிலா 20 சதவீதம், ரீஃபண்டும் வராது. அதனால ரிட்டர்ன் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி இந்த தேதியை சரி பண்ணுங்க. 80 முடிஞ்சவங்களுக்கு பான்-ஆதார் இணைப்பு கட்டாயம் இல்ல.

75 ஆயிட்டா ரிட்டர்னே போட வேணாமாமே?

டீக்கடையில இருந்து கல்யாண வீடு வரைக்கும் இதைச் சொல்றாங்க, பாதிதான் உண்மை. 194பி (194P)ன்னு ஒரு பிரிவு 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கு. 75 முடிஞ்சிருக்கணும், இந்தியாவுல குடியிருக்கணும், வருமானம்னா பென்ஷனும் வட்டியும் மட்டும்தான் இருக்கணும், அந்த வட்டியும் பென்ஷன் வர்ற அதே பேங்க்ல இருந்துதான் வரணும். இது எல்லாம் சரியா இருந்து, 12பிபிஏ (12BBA)ங்கற படிவத்துல எழுதிக் கையெழுத்து போட்டு பேங்க்ல குடுத்தா, பேங்க்காரங்களே கழிவு, தள்ளுபடி எல்லாம் பாத்து வரி இருந்தா பிடிச்சுக் கட்டிருவாங்க, நீங்க ரிட்டர்ன் போட வேணாம்.

நம்ம ஆளுங்களுக்கு இது எங்க உடையுதுன்னா, பென்ஷன் ஒரு பேங்க்ல வரும், டெபாசிட் பாதி போஸ்ட் ஆபீஸ்ல இருக்கும், கொஞ்சம் கூட்டுறவு சங்கத்துல இருக்கும், ராமேஸ்வரத்துல ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு விட்டிருப்பாங்க. இதுல ஒண்ணு இருந்தாலே 194பி கிடையாது. படிவம் குடுக்காம சும்மா "எனக்கு 75 ஆச்சு"ன்னு இருந்தாலும் கிடையாது. நான் பாத்த வரைக்கும் பத்து பேர்ல ஒருத்தருக்குத்தான் இது முழுசாப் பொருந்துது. பொருந்துறவங்க கண்டிப்பா எடுத்துக்கோங்க, நல்ல வசதி. பேங்க்ல ஒருத்தருக்கு தெரியலன்னா மேனேஜர்கிட்ட பிரிவு நம்பரைச் சொல்லிக் கேளுங்க.

80 தாண்டின எங்க அப்பத்தாவுக்கு கம்ப்யூட்டர் எல்லாம் ஆகாது, பேப்பர்ல போடலாமா?

போடலாம். 80 முடிஞ்சவங்களுக்கு மட்டும் இந்த சலுகை இருக்கு, ஐடிஆர்-1 (பென்ஷன், வட்டிக்காரங்க ரிட்டர்ன் படிவம்) இல்லன்னா ஐடிஆர்-4 (சின்ன தொழில்காரங்க படிவம்) போடறவங்களா இருந்தா பேப்பர்ல எழுதி வருமான வரி அலுவலகத்துல நேர்ல குடுத்து ரசீது வாங்கிக்கலாம். ஆனா என் அபிப்ராயம், ரீஃபண்ட் வர வேண்டியிருந்தா வீட்ல இருக்கற பேரப்பிள்ளைகள விட்டு ஆன்லைன்லயே போட்டுருங்க, சீக்கிரம் வரும், நிலவரம் என்னன்னும் போன்லயே பாக்கலாம்.

பழைய முறையா புது முறையா?

2025-26க்கு பெரும்பாலான பெரியவங்களுக்கு புது முறையே போதும். வருமானம் 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடியால வரி இல்ல, பென்ஷன்காரங்களுக்கு 75,000 கழிவு சேந்து 12,75,000 வரைக்கும் போகுது. ஷேர் வித்த லாபத்துக்கு மட்டும் இந்த தள்ளுபடி உதவாது. புது முறையில வயசுக்குன்னு தனிச் சலுகை எதுவும் கிடையாது, எல்லாருக்கும் 4 லட்சம்தான் அடிப்படை.

பழைய முறையில 60க்கு மேல 3 லட்சம், 80க்கு மேல 5 லட்சம் வரைக்கும் வரி இல்ல, வட்டிக்கு 80டிடிபி (80TTB) பிரிவுல 50,000 கழிவு, மருத்துவ காப்பீட்டுக்கு 80டி (80D) பிரிவுல 50,000. காப்பீடே இல்லாத பெரியவங்க ஆஸ்பத்திரி, மருந்து செலவையே அந்த 50,000க்குள்ள காட்டலாம், மதுரைக்கு வைத்தியத்துக்கு போற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. வருமானம் 13, 14 லட்சம்னு போய், வீட்டுக் கடன், மருத்துவச் செலவு எல்லாம் பெருசா இருந்தா ரெண்டு விதமாவும் கணக்கு போட்டுப் பாருங்க, இணையதளத்துலயே கால்குலேட்டர் இருக்கு. பழைய முறை வேணும்னா கெடுவுக்குள்ள போட்டாத்தான் கிடைக்கும், லேட்டா போட்டா புது முறைதான்.

எங்களுக்கு வள்ளம் இருக்கு. மீன் பிடிக்கறது விவசாயம் மாதிரிதானே, வரி கிடையாதுல்ல?

இல்ல அண்ணே. இதுல நெறைய பேர் ஏமாந்து நிக்கறாங்க. வருமான வரிச் சட்டத்துல நிலத்துல விளையுறதுதான் விவசாய வருமானம். கடல்ல மீன் பிடிக்கறது, இறால் பண்ணை, கருவாடு வியாபாரம் எல்லாமே தொழில் வருமானம்.

பயப்பட வேணாம், சின்ன ஆளுங்களுக்கு 44ஏடின்னு ஒரு வழி இருக்கு. வருஷ வரவு 2 கோடிக்குள்ள இருந்தா கணக்குப் புத்தகம் இல்லாமலே, ரொக்கமா வந்ததுல 8 சதவீதமும் பேங்க் வழியா வந்ததுல 6 சதவீதமும் லாபம்னு காட்டலாம். வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மீன் வித்திருக்காரு, எல்லாம் ரொக்கம்னா, லாபம் 3,20,000. அவருக்கு வேற வருமானம் இல்லன்னா 4 லட்சத்துக்குள்ளதான், வரி வராது. ஃபார்ம் ஐடிஆர்-4. வரவு 60 லட்சம் தாண்டினா மட்டும் லாபம் எவ்வளவு கம்மியா இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். டீசல், ஐஸ், ஆள் கூலி, வலைன்னு உண்மையான செலவுல லாபம் 8 சதவீதம்கூட நிக்கலன்னு சொல்றவங்க ஆடிட்டர்கிட்ட போறதுதான் நல்லது, அது வேற கணக்கு.

இன்னொண்ணு, தொழில் வருமானம் இருக்கற பெரியவங்களுக்கு முன்கூட்டிய வரியில (வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கட்டுற வரி) விலக்கு கிடையாது. பென்ஷன், வட்டி, வாடகை மட்டும் இருக்கற 60 வயசுக்காரங்க முன்கூட்டிய வரி கட்ட வேணாம், ரிட்டர்ன் போடும்போது கட்டினாப் போதும். வள்ளம், கடைன்னு தொழில் காட்டறவங்க, வருஷ வரி 10,000 வரும்னா 44ஏடில மார்ச் 15க்குள்ள ஒரே தடவையா கட்டிரணும்.

தென்னந்தோப்பு, மல்லிகை நாத்து?

அது விவசாயம், வரி இல்ல. தங்கச்சிமடம் பக்கம் நாத்தங்கால்ல வளத்து விக்கிற மல்லிகை நாத்தும் விவசாய வருமானம்தான். ஆனா வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல விவசாய வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போடக்கூடாது, ஐடிஆர்-2 போடணும். மத்த வருமானம் வரம்பைத் தாண்டினா வரி விகிதம் பாக்கும்போது இதையும் சேத்துக்குவாங்க, அதனால மறைக்காம எழுதுங்க.

வாப்பா முப்பது வருஷமா துபாய்ல, வயசு 66, கீழக்கரைல பேங்க்ல பணம் கிடக்கு. அவருக்கு?

வெளிநாட்டுல குடியிருக்கற வரைக்கும் மூத்த குடிமகன் சலுகை ஒண்ணும் வராது, 15எச் குடுக்க முடியாது, 87ஏ தள்ளுபடியும் இல்ல. என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்பின பணத்துக்கானது) வட்டிக்கு வரி இல்ல. என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டுல இருக்கறவங்களோட இந்திய வருமானத்துக்கானது) வட்டியில மொத ரூபாய்ல இருந்தே 30 சதவீதமும் அது மேல 4 சதவீதம் செஸ்ஸும் பிடிப்பாங்க. வட்டி 2,00,000ன்னா 62,400 போயிரும். இந்தியாவுல வேற வருமானம் இல்லன்னா 4 லட்சத்துக்குள்ளதானே, வரியே கிடையாது, ஐடிஆர்-2 போட்டா அந்த 62,400 முழுசும் திரும்ப வரும். ரீஃபண்டை அவரு இந்தியக் கணக்குலயே வாங்கிக்கலாம்.

ஊருக்கே வந்து நிரந்தரமா தங்கிட்டாருன்னா பேங்க்ல சொல்லி கணக்கை சாதாரண கணக்கா மாத்திருங்க. ஊர்ல இருந்துக்கிட்டே என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லன்னு விட்டு வச்சா பின்னாடி நோட்டீஸ் வரும்.

அப்பா இறந்துட்டாரு, அம்மாவுக்கு குடும்ப பென்ஷன் வருது. அதுக்கும் 75,000 கழிவு உண்டா?

இல்ல. குடும்ப பென்ஷன் சம்பளக் கணக்குல வராது, இதர வருமானத்துல வரும். அதுல மூணுல ஒரு பங்கு இல்லன்னா 25,000, எது கம்மியோ அது கழியும், பழைய முறைன்னா 15,000. மாசம் 18,000 பென்ஷன், டெபாசிட் வட்டி வருஷம் 1,30,000ன்னு வச்சுக்கோங்க, 3,46,000ல 25,000 போக 3,21,000. ரிட்டர்ன் கட்டாயம் இல்ல, ஆனா பேங்க் பிடிச்ச 13,000 வேணும்னா போடணும்.

அப்பா பேர்ல கடைசி வருஷத்து ரிட்டர்னும் பாக்கி இருக்கும். அவரு உயிரோட இருந்த நாள் வரைக்கும் உள்ள வருமானத்துக்கு வாரிசுதான் போடணும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரெண்டு பேரு பானும் வச்சு இணையதளத்துல சட்டப்படியான வாரிசுன்னு பதிஞ்சுட்டு போடுங்க. அவரோட பேங்க் கணக்கை அதுக்குள்ள அவசரப்பட்டு மூடிட்டு பிறகு ரீஃபண்ட் எங்க போகும்னு தவிக்கறாங்க.

எப்ப போடறது நல்லது?

ஏப்ரல்லயே ஓடாதீங்க. பேங்க்காரங்க கடைசி மூணு மாசக் கணக்கை மே 31க்குள்ள ஏத்துவாங்க, ஜூன் நடுவுலதான் 26ஏஎஸ் (உங்க பேர்ல பிடிச்ச வரிக் கணக்கு), ஏஐஎஸ் (வரித்துறைகிட்ட இருக்கற உங்க வருஷ வருமான விவரம்) ரெண்டுலயும் எல்லாம் வந்து நிக்கும். நம்ம பக்கம் சொல்லணும்னா ஏப்ரல் 15ல தொடங்குற மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ல முடிஞ்சு போட்டெல்லாம் இறங்குற நேரம். தடைக்காலத்துல காகிதம் எல்லாம் எடுத்து அடுக்கி வைங்க, பாஸ்புக்ல என்ட்ரி போடுங்க, ஜூன் கடைசியில போட்டுருங்க. பென்ஷன், வட்டிக்காரங்களுக்கு கெடு ஜூலை 31. 2025ல செப்டம்பர் 16 வரைக்கும் நீட்டிச்சாங்க, அதை நம்பி உக்காராதீங்க. விட்டா டிசம்பர் 31 வரைக்கும் தாமத ரிட்டர்ன் போடலாம், வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000, மேலன்னா 5,000 கட்டணம்.

ஏஐஎஸ்ல இருக்கறதையும் உங்க பாஸ்புக்கையும் ஒப்பிட்டுப் பாருங்க. மறந்துபோன ஒரு பழைய டெபாசிட் வட்டி அதுல இருக்கும், நீங்க காட்டாம விட்டா அவங்க காட்டுவாங்க.

யார்கிட்ட குடுத்துப் போடலாம்?

பென்ஷன், வட்டி மட்டும்னா வீட்ல காலேஜ் படிச்ச பிள்ளை போதும், அரசாங்க இணையதளத்துலயே இலவசம், பாதி விவரம் தானா நிரம்பி இருக்கும். சென்னையில, திருப்பூர்ல இருக்கற மகனே அங்க இருந்து போடலாம், போன்ல ஓடிபி சொன்னாப் போதும். பொது சேவை மையத்துலயும் போடறாங்க. வள்ளம், நிலம் வித்தது, ஷேர், வெளிநாடு இதெல்லாம் இருந்தா ஆடிட்டர்கிட்ட போங்க, குடுக்கற காசு வீண் இல்ல.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். "எவ்வளவு ரீஃபண்ட் வேணும் சொல்லுங்க, வர்றதுல இவ்வளவு எனக்கு"ன்னு பேசுறவங்ககிட்ட போகாதீங்க. அவங்க இல்லாத நன்கொடை, இல்லாத வீட்டுக் கடன் எல்லாம் எழுதி வாங்கிக் குடுப்பாங்க, நோட்டீஸ் வரும்போது பேரு உங்களோடது, கமிஷன் வாங்கினவரு போனை எடுக்க மாட்டாரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவரு 70 வயசுல வட்டியோட, அபராதத்தோட திருப்பிக் கட்டினாரு, அந்த வருஷம் பேத்தி கல்யாணம் வேற. அதே மாதிரி இணையதள பாஸ்வேர்டையும் ஈமெயிலையும் மையத்துக்காரரு பேர்ல வைக்க விடாதீங்க, உங்க வீட்டு நம்பர், உங்க வீட்டு ஈமெயில்தான் இருக்கணும். "ரீஃபண்ட் வந்திருக்கு, இதைத் தொடுங்க"ன்னு வர்ற மெசேஜ் எதையும் தொடாதீங்க, ரீஃபண்ட் தானா கணக்குல விழும், யாரும் கார்டு நம்பர் கேக்க மாட்டாங்க.

ஆதார்ல இருக்கற போன் நம்பர் தொலைஞ்சு போச்சு, ஓடிபி வரல. கைரேகையும் விழ மாட்டேங்குது?

வலை இழுத்து, பனை ஏறி ரேகை தேஞ்சவங்க நம்மள்ல எத்தனை பேரு. ஆதார் மையத்துல நம்பர் மாத்தப் போகும்போது கண் கருவிழி வச்சும் எடுக்கலாம், ரேகை விழலன்னு திருப்பி அனுப்பினா அதைச் சொல்லிக் கேளுங்க. அதுக்குள்ள ரிட்டர்ன் போட வேண்டியிருந்தா நெட் பேங்கிங் வழியாவோ, சரிபார்த்த பேங்க் கணக்கு வழியாவோ, ரிட்டர்ன் போட்டது நீங்கதான்னு உறுதி பண்ணலாம்.

எதுவுமே முடியலன்னா ஐடிஆர்-வின்னு ஒரு பக்கம் வரும், பிரின்ட் எடுத்து நீல மையில கையெழுத்து போட்டு, மையச் செயலாக்க மையம், வருமான வரித்துறை, பெங்களூரு 560500 விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள்ள அங்க போய்ச் சேரணும், அதனால மறுநாளே அனுப்பிருங்க. உறுதி பண்ணாத ரிட்டர்ன் போடாததுக்குச் சமம், இதை மறந்துட்டு ரீஃபண்ட் வரலன்னு வர்றவங்கதான் அதிகம்.

சந்தேகம்னா வரித்துறை இலவச எண் 1800 103 0025. தமிழ்லயும் பேசலாமான்னு கேளுங்க.

முன்னாடி வருஷங்கள்ல விட்ட டிடிஎஸ் போனது போனதுதானா?

எல்லாம் போகல. டிசம்பர் 31 தாண்டினா சாதாரண வழி மூடிரும், அப்டேட் ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்கு, அதுல கூடுதல் வரி கட்டலாமே தவிர ரீஃபண்ட் கேக்க முடியாது. ஆனா 119(2)(பி) பிரிவுல தாமதத்தைப் பொறுத்துக்கச் சொல்லி மனு போடலாம், மதிப்பீட்டு ஆண்டு (அந்த நிதியாண்டுக்கு அடுத்த வருஷம்) முடிஞ்சதுல இருந்து 5 வருஷத்துக்குள்ள. உடம்பு முடியாம இருந்தது, வீட்ல சாவு, படிப்பறிவு இல்லாததுன்னு உண்மையான காரணத்தை ஆதாரத்தோட எழுதணும், இணையதளத்துலயே அதுக்கு இடம் இருக்கு. ஏத்துக்கிட்டா பிறகு ரிட்டர்ன் போட விடுவாங்க. அப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு மனு போட்டோம், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் சேத்து. அதுல ஒரு வருஷத்துப் பணம் வந்துருச்சு, இன்னொண்ணுக்கு இன்னும் பதில் வரல.